கூட்டுழைப்பின் எல்லை

கூட்டாக உழைப்பவன் தன்னில் எவ்வளவைக் கூட்டத்துக்குக் கொடுக்கவேண்டும்? முதலாளியைப் பார்த்து இக்கேள்வியைக் கேட்பது நமக்கு எளிது. நமது சங்கங்களைப் பார்த்துக் கேட்பதே கடினம்.

அமெரிக்காவின் மெற்றலிக்கா என்னும் றொக் இசைக்குழுவின் வரலாறு இங்கே சிந்திக்கத்தக்கது. அதன் பேஸ் கிற்றார்க் கலைஞர் கிளிவ் பேட்டன் 1986 இல் சுவீடனில் பஸ் விபத்தில் இறந்தார். அவரிடத்துக்கு வந்தவர் ஜேசன் நியூஸ்ரெட். கூத்துக்கு மத்தளம் எப்படியோ, அப்படியே றொக் இசைக்குப் பேஸ் கிற்றார். எனினும் 1988 இல் வெளிவந்த இசைத்தட்டில் அவர் வாசிப்புக் காதுக்கு எட்டாதபடி ஒலி குறைக்கப்பட்டிருந்தது. அதையும் பொறுத்து அவர் உழைத்தார். 1991 இன் இசைத்தட்டோ கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று.

எக்கோபிறெயின் என்ற சிறு குழுவில் நண்பர்களோடு ஆக்கிய இசையை அவர் வெளியிட விரும்பியபோது பிணக்கு மூண்டது. வெளிவேலை குழுவின் வலிமையைக் கரைத்துவிடும் என்று தலைமைப் பாடகர் ஜேம்ஸ் ஹெற்ஃபீல்ட் எதிர்த்தார். 2001 ஜனவரியில் நியூஸ்ரெட் விலகினார்.

ஹெற்ஃபீல்டின் அச்சத்தை வெறும் அகங்காரமென ஒதுக்கிவிட முடியாது. ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் எந்த அமைப்பும் நிலைக்காது. ஆனால், இரணைமடு வாய்க்காலில் முறை தவறி நீர் பாய்ச்சும் கமக்காரனைக் கமக்காரர் அமைப்புக் கண்டிக்கலாம். தன் முறையைச் சரிவரச் செய்தவன் வீட்டு வளவில் கத்தரி நட்டால் அதைத் தடுக்க அதற்கு உரிமை ஏது? கூட்டம் கேட்கக்கூடியது வாக்களித்த உழைப்பை. முழு மனிதனையும் அன்று.

விலகிய பின் அவர் கனடாவின் வொய்வொட் குழுவில் சேர்ந்தார். 2003 இல் ஒஸி ஒஸ்போர்னுடன் வாசித்தார். தோள்களிற் காயமுற்றபோது ஓவியம் தீட்டினார். 2012 இல் தம் பெயரிலேயே தொடங்கிய குழு 2014 இல் கலைந்தது. பழைய வெற்றி திரும்பவில்லை. வணிகக் கணக்கில் இது வீழ்ச்சியே. எனினும், 2009 இல் மெற்றலிக்காவுக்குப் பெரும் கௌரவம் கிடைத்த மேடையில், தமக்குப் பின்வந்த றொபேட் துருஹீயோவின் அருகில் நின்று அவரும் வாசித்தார். விலகல் துரோகமாகிவிடவில்லை.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. நியூஸ்ரெட்டிடம் பொருள் இருந்தது, விலக முடிந்தது. நம்மூர்க் கடைச் சிப்பந்திக்கும் கூலியாளுக்கும் விலகல் என்பது பட்டினி. ஆகவே விலகுபவனின் துணிவைப் புகழ்ந்து அமைதி கொள்ளலாகாது. விலகாமலே ஒருவன் தன் பாட்டையும் பாட இடமுள்ள சங்கங்களை அமைப்பதே நம்முன் உள்ள பணி.