பிழைத்தவரின் நன்றி

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில், நாகமலையின் அடிவாரத்தில் அமைந்தது எங்கள் நாகமலை புதுக்கோட்டை. கடல் இங்கிருந்து வெகு தொலைவு. புயல் என்பது எங்களுக்குப் பெரும்பாலும் செய்தியில் கேட்பதுதான். கோடை மழைக்கு முன்னே புழுதியை வாரி இறைத்துக்கொண்டு வரும் காற்றே நாங்கள் நேரில் அறிந்த சூறைக்காற்று. சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு மாலையில், எங்கள் அடுத்த வீட்டின் தகரக் கூரை பெயர்ந்து பறந்தது. எங்கள் வீட்டில் ஓர் ஓடுகூட அசையவில்லை. அன்றிரவு குடும்பச் செபத்தில், "ஆண்டவரே, எங்களை மட்டும் காத்தருளினீரே, உமக்கு நன்றி" என்று சற்று உரக்கவே சொன்னேன்.

எங்களோடு செபிக்க வந்திருந்த மூதாட்டி ஒருவர், செபம் முடிந்ததும் என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, நன்றி சொன்னது சரி. அந்த 'மட்டும்' வேணாம். அடுத்த வீட்டுப் பிள்ளைக நனைஞ்சுக்கிட்டு இருக்கு" என்றார்.

அவர் இதைச் சொல்லத் தகுதி உடையவர். பிறந்தது தனுஷ்கோடியில். திருமணமாகி எங்கள் ஊருக்கு வந்தவர். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு அவருக்கு ஒன்பது வயது.

தனுஷ்கோடி அன்று வெறும் மணல்திட்டு அன்று. இரயில் நிலையமும், அஞ்சலகமும், சுங்க அலுவலகமும், கோயிலும், பவளப்பாறைக் கற்களால் எழுப்பிய நமது ஆலயமும் இருந்த ஊர். தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய துறை. இராமேசுவரம் தீவு இன்று சிவகங்கை மறைமாவட்டத்தில் உள்ளது. ஆனால் அம்மறைமாவட்டம் 1987-இல்தான் பிரிந்தது. 1964-இல் அந்த மக்கள் நமது மதுரை உயர்மறைமாவட்டத்து மக்களே. அந்த இரவில் 20 அடிக்கு மேல் எழுந்த அலைகள் ஊரை விழுங்கின. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் இரயில், நிலையத்தை நெருங்கும் வேளையில் நூற்றுக்கும் மேற்பட்டோரோடு கடலுக்குள் போயிற்று. அதில் ஒருவரும் பிழைக்கவில்லை. அப்புயலில் மாண்டோர் மொத்தம் 1,800 பேருக்கு மேல் எனக் கணக்கிடப்பட்டது.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இன்னும் இரண்டே நாள். மூங்கில் சிம்பில் வண்ணத்தாள் ஒட்டி அவருடைய தந்தை செய்த விண்மீன் திண்ணையில் காய்ந்துகொண்டிருந்ததாம். நீர் வீட்டுக்குள் ஏறியபோது, பிள்ளைகளைத் தோளிலும் இடுப்பிலும் சுமந்துகொண்டு பெற்றோர் உயர்ந்த மணல்மேடு ஒன்றில் ஏறினர். இரவு முழுதும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு கிடந்தனர். விடிந்தபோது தங்கள் வீடு இருந்த இடம் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த சித்தியையும் அவர் பிள்ளைகளையும் பின்னர் ஒருவரும் காணவில்லை.

சில வாரங்களுக்குப் பின், ஆறுதல் சொல்ல வந்த உறவினர் ஒருவர் அவருடைய தாயிடம், "நீங்கள் தவறாமல் செபமாலை சொன்னீர்கள், அதனால்தான் மாதா காப்பாற்றினாள்" என்றாராம். தாய் நெடுநேரம் பேசாதிருந்து, பின் ஒரே ஒரு வரி சொன்னார்: "அவளும் எம்பக்கத்துல உக்காந்துதான் செபமாலை சொன்னா."

வாசக அன்பர்களே, பேரிடரில் தப்பிய ஒவ்வொரு நம்பிக்கையாளரின் முன்னும் நிற்கும் வினா இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது. கடவுள் நம்மைக் காத்தார் என்று சொன்னால், காக்கப்படாதவரை அவர் கைவிட்டாரா? அப்படியில்லை என்றால், நமது நன்றிக்குப் பொருள் என்ன?

கடற்புயல் பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவி வருவது. நிலத்தில் எழும் கடுஞ்சுழற்காற்றோ பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலமே கொண்டது. ஒரு தெருவைத் தரைமட்டமாக்கி, அடுத்த தெருவில் சாளரக் கண்ணாடியைக்கூடத் தொடாமல் போய்விடும். 2011-ஆம் ஆண்டு மே 22, ஞாயிறு மாலையில், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து ஜாப்ளின் நகரை இத்தகைய காற்று, அதுவும் வழக்கத்தைவிட மிகப் பெரிய ஒன்று, தாக்கியது. ஏறத்தாழ 160 பேர் மாண்டனர். அங்கே தூய மரியா ஆலயம் முற்றும் இடிந்தது. அதன் உயர்ந்த இரும்புச் சிலுவை மட்டும் நிமிர்ந்து நின்றது. அதன் படம் உலகெங்கும் பரவியது. பலர் அதில் ஆறுதல் கண்டனர். அது இயல்பே. ஆயினும் அந்தச் சிலுவை நின்றதைப் புதுமை என்று கொண்டாடும் நாக்கு, பிள்ளையை இழந்த தாயின் முன்னே சற்றுத் தயங்கத்தான் வேண்டும். இரும்பைத் தாங்கிய கை என் குழந்தையைத் தாங்கலாகாதா என்று அவள் கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

திருவிவிலியம் இவ்வினாவுக்குப் புதியதன்று. யோபுவின் நூலைத் திறந்து பாருங்கள். அவருடைய புதல்வரும் புதல்வியரும் மூத்த மகனின் வீட்டில் விருந்துண்ணும் வேளையில், பாலை நிலத்திலிருந்து எழுந்த பெருங்காற்று வீட்டின் நான்கு மூலைகளையும் மோதி வீழ்த்துகிறது. பிள்ளைகள் அனைவரும் மடிகின்றனர். செய்தி சொல்ல ஒருவனே தப்பி வருகிறான். யோபுவின் நண்பர்கள் வருகின்றனர். ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாது அவரோடு தரையில் அமர்கின்றனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களே. வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினர். 'நீ பாவம் செய்திருப்பாய், இல்லையேல் இது நேராது' என்பதே அவர்கள் பேச்சின் சாரம். இறுதியில் ஆண்டவர் யாரைக் கடிந்துகொண்டார்? கதறி முறையிட்ட யோபுவைவிட, தம் சார்பாகக் காரணம் அடுக்கிய நண்பர்களையே. சூறாவளியின் நடுவிலிருந்து யோபுவிடம் பேசிய இறைவன், பிள்ளைகள் ஏன் மடிந்தனர் என்பதற்கு ஒரு காரணமும் கூறவில்லை. ஆனால் யோபுவை விட்டு அகலவும் இல்லை.

நம் ஆண்டவரும் அவ்வாறே செய்தார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைக் குறிப்பிட்டு, அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவரைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்று தெளிவாக மறுத்தார். அதற்கும் மேலாக, கல்வாரியை நினையுங்கள். துன்பத்திலிருந்து தப்புவிக்கப்படுவதே இறையன்பின் அடையாளம் என்றால், சிலுவையில் தொங்கியவரைப் போல் அன்பு மறுக்கப்பட்டவர் எவருமிலர். பிறரை விடுவித்தவர் தம்மை விடுவிக்க இயலவில்லையே என்று அன்று ஏளனம் செய்தவர்களின் கணக்கும் இதுவே. தப்பியவனே கடவுளுக்கு உகந்தவன் என்னும் அந்தக் கணக்கை உயிர்ப்பின் விடியல் பொய்யாக்கிவிட்டது.

காரணம் சொல்வதில் இன்னுமொரு கேடு உண்டு. அது மனிதர் செய்ய வேண்டியதை மறைத்துவிடுகிறது. 1999-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர். 2013-இல் அதே கரையைப் பைலின் என்னும் கடும்புயல் தாக்கியது. அம்முறை ஏறத்தாழ பத்து லட்சம் பேர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் கடவுள் மாறவில்லை. எச்சரிக்கையும், புகலிடங்களும், அக்கறையும் வளர்ந்தன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் திடீரென வலுத்தபோது, ஆழ்கடலுக்குச் சென்றிருந்த நம் மீனவர் பலருக்கு உரிய வேளையில் எச்சரிக்கை எட்டவில்லை. அங்கே 'எல்லாம் இறைவன் சித்தம்' என்று முடித்துக்கொள்வது பக்தியாகத் தோன்றலாம். உண்மையில் நமது கடமையை இறைவன் தலையில் ஏற்றுவதே அது.

அப்படியானால் தப்பியவன் வாயடைத்து நிற்க வேண்டுமா? வேண்டியதில்லை. உயிர் கொடை. எந்தக் காலையும் நமக்கு வர வேண்டிய கடன் அன்று. மணல்மேட்டில் விடியலைக் கண்டவன் நன்றி சொல்லாமல் இருப்பதே பொய்ம்மை. நன்றி சொல்லலாம், காரணம் சொல்லலாகாது. 'காத்தீரே' என்பது நன்றி. 'நான் இன்னது செய்ததால் காத்தீர்' என்பது நன்றியின் உடையணிந்த தற்பெருமை. அது இறந்தவர்மீது சத்தமின்றித் தீர்ப்பிடுகிறது. தகுதியால் பெற்றதற்கு நன்றி எதற்கு? அதைக் கூலி என்போம். தகுதியின்றிப் பெற்றதற்கே நன்றி உரியது. காரணம் அறியாது பெற்றவன், காரணம் கேளாமல் கொடுக்கவும் கடன்பட்டவன்.

அந்தத் தாய் அவ்வாறே வாழ்ந்தார் என்று மூதாட்டி சொல்லக் கேட்டேன். ஆண்டுதோறும் டிசம்பர் 22-ஆம் நாள் பங்குத்தந்தையிடம் திருப்பலிக் கருத்து எழுதச் சொல்வாராம். நன்றிக்கென ஒரு நாளும் எழுதியதில்லை. இறந்தோருக்காகவே, முதலில் தங்கையின் பெயர். அன்றிரவு சமைப்பதில் ஒரு பங்கு எவர் வீட்டுக்கேனும் போகும். "அதுதான் அம்மாவோட நன்றி" என்றார் மூதாட்டி. கடவுளிடம் அத்தாய் ஒருபோதும் கேள்வி கேட்டதில்லையா என்றேன். "தினமும் கேட்டாங்க தம்பி. செபமாலையை விடாமத்தான் கேட்டாங்க."

ஓரேபு மலையில் எலியாவின் முன்னே மலைகளைப் பிளக்கும் சுழற்காற்று வீசியது; ஆண்டவர் அக்காற்றில் இல்லை என்கிறது மறைநூல். நிலநடுக்கத்திலும் நெருப்பிலும்கூட அவர் இல்லை. எல்லாம் அடங்கிய பின் வந்த மெல்லிய ஒலியிலே எலியா அவரைக் கண்டுகொண்டார்.

2017 முதல் தனுஷ்கோடிக்குத் தார்ச்சாலை உண்டு. கூரையற்ற அந்த ஆலயச் சுவர்களின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வோர் பலர். அடுத்த முறை அங்கே செல்லும்போது சற்று நேரம் மௌனமாய் நின்று, அந்த இரவில் மாண்டோருக்காக ஒரு செபம் சொல்லுங்கள். அவர்களும் செபித்தவர்களே.

எங்கள் தெருவில் காற்று வீசிய அந்த இரவு, மூதாட்டி சொல்லி வாய் மூடும் முன்பே என் மனைவி விளக்கை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். பிள்ளைகள் நால்வரும் எங்கள் கூடத்தில் படுத்துறங்கினர். படுக்கும் முன் நான் மீண்டும் ஒருமுறை நன்றி சொன்னேன். 'மட்டும்' என்ற சொல் இம்முறை வரவில்லை.