உபகரணமும் அவகாசமும்

செலவில் மத்திய அரசு 60 சதவீதமும் மாநில அரசு 40 சதவீதமுமாய் ஏற்கும் சமக்ர சிக்ஷா என்னும் பள்ளிக் கல்வித் திட்டம் 2018-ல் தோன்றியது முதல், செம்பட்டி வட்டாரத்தைப் போன்ற கிராமப்புறங்களின் அரசுப் பள்ளிகளும் கணினி, திறன்பலகை, அவற்றைக் கையாள ஆசிரியருக்குப் பயிற்சி ஆகிய சொற்களோடு நன்கு பரிச்சயம் கொண்டுவிட்டன. இது மகிழத்தக்க மாறுதலே. ஆயினும், மானியத்தால் உபகரணம் ஒரே நாளில் வந்து இறங்கிவிடும். அதை வித்தையாக மாற்றும் தேர்ச்சியோ ஆசிரியரிடம் மெல்ல மெல்லத்தான் ஊறும்.

துடிக்கும் இதயத்தைத் திரையில் காட்டுவது எளிது. ஓடுகிற படத்தைப் பாதியிலே நிறுத்தி, “இந்த ரத்தம் அடுத்து எங்கே போகும், சொல்லு பார்ப்போம்” என்று கடைசி வரிசைப் பிள்ளையை வினவுகிற அந்தக் கணத்தில்தான் பாடம் பிறக்கிறது. எங்கே நிறுத்துவது, யாரைக் கேட்பது என்னும் விவேகம் இரண்டு நாள் பயிற்சியில் முழுமையாகக் கைகூடுவதன்று. தவறிச் செய்து, திருத்திச் செய்து, சக ஆசிரியரோடு கலந்து பேசி வருவது அது. அதற்குரிய அவகாசத்தையோ எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் செய்யும் பதிவேற்றங்களும் படிவங்களும் விழுங்கிவிடுகின்றன.

ஆகவே, நிதி வழங்குவோரும் பள்ளிகளை நிர்வகிப்போரும், பயிற்சி முடிந்து திரும்பும் ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு பாடவேளையேனும், தாம் கற்றதை ஒத்திகை பார்ப்பதற்கென்றே ஒதுக்கித் தருவார்களாக. அந்த ஒரு பாடவேளையையும் மானியக் கணக்கில் சேர்த்து எழுதுங்கள்.