பாசியின் மேல் பழி

ஒரு பொருள் தன் சுபாவத்தினாலேயே கெட்டதாக இருக்க முடியுமா? அல்லது அது இருக்கும் இடத்தைப் பார்த்து நாம்தான் அதற்குக் கெட்ட பெயர் சூட்டுகிறோமா? அறிஞர்கள் பெரிய பெரிய உதாரணங்களைக் கொண்டு இதை ஆராய்வார்கள். எனக்குக் கிடைத்திருப்பது மிகச் சிறிய உதாரணம்: புல்தரையில் படரும் பாசி.

நமக்குப் பாசி என்றால் கிணற்றடியும் குளத்துப் படித்துறையும்தான் நினைவுக்கு வரும். கால் வழுக்காமல் இருந்தால் போதும். அதற்கு மேல் அதனோடு நமக்கு வழக்கில்லை. இங்கிலாந்தில் அப்படியல்ல. 1830-ஆம் ஆண்டில் எட்வின் பட்டிங் என்பவர் அங்கே புல் வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் ஆள் வைத்து அரிவாளால் அறுக்க முடிந்த பிரபுக்களுக்கே உரியதாக இருந்த புல்தரை, நாளடைவில் நடுத்தரக் குடும்பங்களின் வீட்டுக் கொல்லைக்கும் வந்து சேர்ந்தது. கூடவே, அதில் ஒரு பழுதும் இருக்கக் கூடாது என்ற கவலையும் வந்தது.

மான்செஸ்டருக்கு அருகில் குடியேறிவிட்ட என் நண்பர் ஒருவருக்கு இந்தக் கவலை உண்டு. "புல்லையெல்லாம் பாசி தின்றுவிட்டது" என்று கடிதத்துக்குக் கடிதம் புலம்புவார். வசந்தம் வந்ததும் இரும்பு சல்பேட்டைத் தெளிப்பார். நம் நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என்று விற்கிறார்களே, அதுதான். சில தினங்களில் பாசி கறுத்துப்போகும். வாரியால் வாரிக் கொட்டுவார். மழைக்காலம் வந்ததும் பழையபடி பாசி.

குறுந்தொகையில் பரணர், காதலனைப் பிரிந்தவளின் பசலையை ஊர்க் கிணற்றுப் பாசிக்கு ஒப்பிட்டிருக்கிறார். அது நீர்ப்பாசி, நண்பருடையது தரைப்பாசி. தாவர சாஸ்திரப்படி இரண்டும் வெவ்வேறு. ஆனால், விலக்கிய கையை எடுத்ததும் திரும்பி வருகிற குணத்தில் இரண்டும் ஒன்றுதான்.

அது ஏன் திரும்பி வருகிறது? பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. மெல்லிய இழைகளால் தரையைப் பற்றிக்கொண்டு, வேண்டிய நீரைத் தன் மேனியாலேயே உறிஞ்சிக்கொள்கிறது. ஆரோக்கியமாக அடர்ந்து நிற்கும் புல்லைக் கொல்லும் வல்லமை அதற்கு இல்லை. நிழல் கவிந்து, ஈரம் தேங்கி, மிதிபட்டு மண் இறுகி, புளிப்பேறி, அல்லது அளவுக்கு மீறி ஒட்ட வெட்டப்பட்டு, எங்கே புல் தளர்கிறதோ அங்கே அது வந்து அமர்கிறது. புல் விட்டுப்போன இடத்தில் குடியேறியதுதான் அது செய்த காரியம். கொலைப் பழியோ அதன் தலையில்!

இப்படிப் பழி சுமத்துவது நமக்குப் பழக்கமான காரியந்தான். "அந்தப் பெண் காலடி எடுத்துவைத்த நாளிலிருந்து குடும்பம் இரண்டாகிவிட்டது" என்று எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! அண்ணனும் தம்பியும் மனம் விட்டுப் பேசிப் பத்து வருஷம் ஆகியிருக்கும். சொத்துக் கணக்கு ஒவ்வொருவர் நெஞ்சிலும் இறுகிக் கிடந்திருக்கும். கடைசியில் வந்தவள் கண்ணுக்குத் தெரிகிறாள். பல காலமாக இறுகிய மண் தெரிவதில்லை. அவளைத் துரத்திவிட்டால் மட்டும் அண்ணனும் தம்பியும் ஒரே இலையில் உண்பார்களா?

"அப்படியானால் எல்லாம் பார்க்கிறவர் மனத்தைப் பொறுத்ததுதானே?" என்று வாசகர்கள் கேட்கலாம். ஜப்பானில் கியோட்டோ நகரத்துச் சைஹோஜி ஆலயத்தில் ஏறக்குறைய 120 வகைப் பாசிகள் தோட்டம் முழுவதும் படர்ந்திருக்கின்றன. 1339-இல் முசோ சொசேகி என்ற துறவி அந்த ஆலயத்தைப் புதுப்பித்தார். பாசி பிற்காலத்தில், தோட்டம் பராமரிப்பின்றிக் கிடந்தபோது, தானாக வந்தது. இன்று அதைக் காண உலகமெங்கிலுமிருந்து வருகிறார்கள். அத்தகைய தோட்டங்களில் பாசியின் நடுவே தலைகாட்டும் புல்லைத்தான் களை என்று பிடுங்குகிறார்கள்.

ஆனாலும், எல்லாம் ஒன்றே என்று கைகட்டி நிற்பதும் எனக்குச் சம்மதமில்லை. பேரக் குழந்தைகள் ஓடி விளையாடப் புல் வேண்டும். ஓயாத மிதியைப் பாசி தாங்காது. புல்லை விரும்புவது குற்றமாகாது. விரும்புகிறவன் அதற்குரிய விலையைத் தர வேண்டும். மண்ணைக் கிளறிக் காற்றோட்டம் தர வேண்டும். தேங்கும் நீருக்கு வழி காட்ட வேண்டும். நிழலை விலக்க வேண்டும்.

நண்பரின் சங்கடம் இங்கேதான் இருக்கிறது. அந்த நிழல், காலமாகிவிட்ட அவர் மனைவி நட்டு வளர்த்த ஆப்பிள் மரத்தின் நிழல். கிளைகளைக் கழித்தால் புல் வரும். மரத்தை அப்படியே விட்டால் பாசி வரும். மரமும் முழுசாக நிற்க வேண்டும், புல்லும் செழிக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அந்த ஆசை நிறைவேறாத கோபத்தை ஆண்டுதோறும் அன்னபேதியாகத் தெளித்துக்கொண்டிருக்கிறார்.

மரமா, புல்லா என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் அதில் தர்மக் குறைவில்லை. தேர்ந்தெடுக்கும் வேதனைக்கு அஞ்சி, வாயில்லாத ஒன்றைக் குற்றவாளியாக்கிக் காலம் தள்ளுவதில்தான் குறை இருக்கிறது. நாம் யார் மேலாவது தீராத கோபம் கொண்டிருந்தால், அவர்கள் வந்து அமர்ந்த இடம் எப்படிக் காலியாயிற்று என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெரும்பாலும் நாமாகவே இருப்போம்.