கொம்பில் பூசிய வர்ணம்

செஞ்சிக்கு அருகில் உள்ள சிங்கவரத்தில்தான் என் அக்காளைக் கொடுத்திருக்கிறோம். மலைப்பாறையைக் குடைந்து பல்லவர் காலத்தில் அமைத்த குகைக்குள் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் ஊர் அது. சென்ற புரட்டாசியில் சனிக்கிழமை தரிசனத்தை முடித்துக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு வரலாம் என்று போனேன். போன இடத்தில் ஒரு தர்மசங்கடம் எனக்காகக் காத்திருந்தது. அது வேதாந்த விசாரம் அல்ல. ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்கு எந்தப் பெயிண்ட் அடிப்பது என்ற விசாரம்தான்.

அந்த வண்டி என் அக்காள் கணவர் வைத்திருந்த புல்லட். அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அதுவரை கொட்டகையில் தூசி படிந்து கிடந்த வண்டியை மருமகன் வெளியே இழுத்து, டேங்க், மட்கார்டு, சேசிஸ் என்று தனித்தனியாகப் பிரித்து வாசலில் சாக்கின்மேல் பரப்பியிருந்தான். திண்டிவனத்துக்காரர் ஒருவர் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார். பளிச்சென்று இருந்தால் நல்ல விலை கிடைக்கும். அந்தப் பணத்தில் அவன் தங்கையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடலாம். பட்டறையில் கேட்ட கூலி கட்டுபடியாகாததால் தானே அடித்துவிடுவது என்று இறங்கிவிட்டான்.

"மாமா, மிலிட்டரிப் பச்சை அடிக்கட்டுமா? அதற்குத்தான் கிராக்கி" என்று கேட்டான்.

ஆசையில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தியப் படைக்காக வரவழைத்த வண்டிதான் புல்லட். அதற்குப் பிறகுதான் 1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியார் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியாருடன் சேர்ந்து இங்கேயே அதைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். ஆனால் 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள், ராணுவத்தாரைத் தவிர மற்றவர்கள் தங்கள் வண்டிக்கு அந்த ஆலிவ் பச்சையைப் பூசக்கூடாது என்கின்றன. உழவு டிராக்டருக்கு மட்டும் விலக்கு. வேறு நிறத்துக்கு மாற்றினாலும் பதிவுப் புத்தகத்தில் அதைக் குறிக்கச் செய்ய வேண்டும். நிறமும் ஒரு வாக்குமூலம் என்று சட்டமே எண்ணுவதாகத் தோன்றுகிறது.

பச்சை போயிற்று. அடுத்தது பெயிண்டின் வகை. டப்பாவை அழுத்தினால் பீய்ச்சுகிற ஸ்பிரே மலிவு. ஆனால் டேங்க் வாயில் பெட்ரோல் சிந்தினால் சாதாரண ஸ்பிரே இளகிக் கையோடு வந்துவிடும். நைட்ரோ செல்லுலோஸ் வகை சீக்கிரம் உலரும். 1920-களில் அமெரிக்காவில் டுகோ என்ற பெயரில் அது வந்தபோது, கார் ஒன்றுக்கு வர்ணம் உலர வாரக் கணக்கில் காத்திருந்த தொழிற்சாலைகள் மூச்சு விட்டன. ஆயினும் ஈரக் காற்றில் அடித்தால் அது வெளுத்துப் பூத்துப்போகும். புரட்டாசி மழைக்கு அதை நம்ப முடியாது. மூன்றாவது, ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே. பெட்ரோலுக்கும் வெயிலுக்கும் ஈடு கொடுப்பது அதுதான். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் சரக்கு இருக்கிறது. அது புகையாய்ப் பரவும்போது சுவாசித்தால் ஆஸ்துமாவே வரக்கூடும். மூக்கில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது. வாசலில் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இரண்டு, உருண்ட நட்டு ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தன. மருமகன் அவர்களைப் பார்த்தான், என்னையும் பார்த்தான். "டேங்கையும் மட்கார்டையும் செஞ்சியில் பெயிண்ட் பூத் உள்ள இடத்தில் கொடுத்து அடித்துக்கொள்கிறேன். மற்றதை நான் கையால் எனாமல் பூசிவிடுகிறேன்" என்றான். யாரும் சொல்லாமலே ஒரு தர்மம் தீர்ந்துவிட்டது என்று நான் மகிழ்ந்தேன்.

உண்மையான சங்கடம் மத்தியானம் வந்தது.

சேசிஸின் கழுத்தில், ஹாண்டில்பார் தண்டு நுழையும் இடத்துக்குக் கீழே, பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். உப்புத்தாளின் கீழே ஓர் அங்குல நீளத்துக்கு ஒரு தழும்பு தெரிந்தது. வெல்டிங் வைத்த தழும்பு. பல வருஷங்களுக்கு முன் மேல்மலையனூர்ச் சாலையில் வண்டி பள்ளத்தில் இறங்கியது அக்காளுக்கு நினைவிருந்தது. கழுத்து விரிந்து, யாரோ பற்றவைத்திருக்கிறார்கள். மேலே கறுப்பைப் பூசிவிட்டார்கள்.

"மாட் பெயிண்ட் அடித்தால் ஒன்றும் தெரியாது மாமா. பளபளப்பான கறுப்புத்தான் மேடு பள்ளத்தையெல்லாம் காட்டிக் கொடுக்கும்" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி.

அவன் சொன்னது தொழில் அறிந்தவர்கள் எல்லோரும் அறிந்த உண்மை. பளபளப்பு, விளக்கையும் முகத்தையும் பிரதிபலிக்கிறது. தகட்டில் நெளிவிருந்தால் பிரதிபிம்பமும் நெளியும். பளபளப்பில்லாத பூச்சு ஒளியைச் சிதறடித்துக் குறையை விழுங்கிவிடும். குறை பொறுக்காத பெயிண்ட் ஒன்று, குறையை மறைக்கும் பெயிண்ட் ஒன்று. இரண்டும் கடையில் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வாசகர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "இத்தனை வருஷம் ஓடியிருக்கிறதே, தம்பி. வாங்குகிறவர் பார்த்துத்தானே வாங்கப் போகிறார்?" என்றேன். கல்லூரிக் கட்டணம் என் வாயைக் கொண்டு பேசியது.

அக்காள் ஒன்றும் சொல்லவில்லை. முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தவள் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சிங்கவரத்தில் முகம் திரும்புவதற்கு ஓர் அர்த்தம் உண்டு. 1714-இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகானோடு போருக்குப் புறப்பட்ட தேசிங்குராஜன் இந்த மலையேறி அரங்கநாதரிடம் விடைகேட்டான் என்றும், போகவேண்டாம் என்று சொல்ல வாய் இல்லாத பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும் இவ்வூரார் சொல்வார்கள். அவன் பாராசாரிக் குதிரை ஏறிப் போனான், மடிந்தான். கதையைச் சரித்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நம் மனசாட்சி பெரும்பாலும் இப்படித்தான் பேசுகிறது. உபதேசம் செய்வதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கண்டும் காணாமல் குதிரை ஏறுவது நம் சாமர்த்தியம்.

இரவு படுத்தபடி யோசித்தேன். வர்ணம் பூசுவதே பொய்யா? அப்படியானால் பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிக்கிற நாம் எல்லோரும் பொய்யர்கள். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்குச் சிவப்பும் நீலமும் பூசுகிறோம். அது பொய் என்று எந்த மாடும் சொல்லவில்லை. எந்த மனிதனும் சொல்வதில்லை. ஆனால் அதே கொம்பைச் சந்தைக்குக் கொண்டுபோகும் தரகன், வயதைச் சொல்லும் வளையங்களைச் சீவி வழவழப்பாக்கி, அதே வர்ணத்தை அதன்மேல் பூசுகிறான். கொம்பு ஒன்று, வர்ணம் ஒன்று, பூசும் கையும் ஒன்றாக இருக்கலாம். பொங்கலன்று பூசியதற்கு அடியில் என்ன இருக்கிறது என்பது பார்க்கிறவர் எல்லோருக்கும் தெரியும். சந்தையில் பூசியதற்கு அடியில் இருப்பது பூசினவனுக்கு மட்டுமே தெரியும். அழகுக்கும் ஏமாற்றுக்கும் நடுவே உள்ள கோடு டப்பாவுக்குள் இல்லை. இரண்டு பேருக்கும் தெரிந்ததா, ஒருவனுக்கு மட்டும் தெரிந்ததா என்பதில் இருக்கிறது.

"வாங்குகிறவர் பார்த்து வாங்கட்டும்" என்ற என் வாதம் அங்கேதான் முறிந்தது. மாட்டை வாங்குபவன் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். பல்லையே மூடி வைத்துவிட்டு, "பார்த்துக்கொள்" என்பது என்ன நியாயம்? மேலும், சீவிய கொம்பை நம்பி ஏமாந்தவன் பணத்தை இழப்பான். விரிந்த கழுத்தை நம்பி அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் எதை இழப்பான்? பின் இருக்கையில் அவன் குழந்தையும் இருக்கலாம். பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் மூச்சுக்காக இரங்கிய நாங்கள், கண்ணில் படாத திண்டிவனத்துக் குழந்தைக்காக இரங்க மறந்தோம். கண்ணுக்கு எட்டியவரைதான் நம் தர்மம் ஓடுகிறது போலும்.

காலையில் இதை மருமகனிடம் எப்படித் தொடங்குவது என்று தயங்கிக்கொண்டே வாசலுக்கு வந்தேன். அவன் போனில் பேசிக்கொண்டிருந்தான். "பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை வந்து பார்த்துவிடுங்கள் சார். கழுத்தில் ஒரு வெல்டிங் இருக்கிறது."

அம்மாவின் முகத்தை அவனும் பார்த்திருக்கிறான். என்னைப் போல் ஓர் இரவு முழுவதும் அவனுக்குத் தேவைப்படவில்லை.

திண்டிவனத்துக்காரர் மறுநாள் வந்தார். தழும்பைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். "சொன்னதற்குச் சந்தோஷம், யோசித்துச் சொல்கிறேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. உண்மை சொன்னால் உடனே நன்மை வரும் என்று கதைகளில் எழுதுவதுண்டு, நானும் எழுதியிருக்கிறேன். இங்கே வந்தது நன்மை அல்ல. அக்காளின் இரண்டு வளையல்கள் செஞ்சி அடகுக்கடைக்குப் போயின.

போன மாதம் மருமகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். வண்டியைத் தானே வைத்துக்கொண்டுவிட்டான். கழுத்தை விழுப்புரத்தில் ஒரு நல்ல வெல்டரிடம் கொடுத்துப் புதிதாகப் பற்றவைத்திருக்கிறான். டேங்க் பளபளக்கும் கறுப்பு. பக்கத்தில் கம்பெனி வண்டியைப் போலவே கையால் இழுத்த தங்கக் கோடு, கொஞ்சம் நடுக்கத்தோடு. சேசிஸும் கறுப்புத்தான். ஆனால் கழுத்தில், அந்தத் தழும்பு உள்ள ஓர் அங்குலத்துக்கு மட்டும் அவன் நிறம் பூசவில்லை. துருப்பிடிக்காமல் இருக்கக் கண்ணாடி போன்ற கிளியர் லாக்கரைப் பூசி விட்டிருந்தான்.

"அது மட்டும் ஏனடா?" என்று போனில் கேட்டேன்.

"நாளைக்கு யாராவது விலைக்குக் கேட்டால், மறுபடியும் வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்குமோ என்னவோ மாமா. அதனால்தான்" என்றான்.