கம்பைலர் படிக்காத வரிகள்

மேம் என்ற எமுலேட்டரின் மூல நிரலைத் திறந்தால், பல கோப்புகளில் நிரலுக்கு முன்பே ஒரு படம் வந்துவிடுகிறது. சிறுகோடுகளையும் கூட்டல் குறிகளையும் அடுக்கி வரைந்த சர்க்யூட் போர்டு அது. எந்த மூலையில் எந்த சிப் உட்கார்ந்திருக்கிறது, அதன் மேல் ஒட்டிய லேபிளில் என்ன எழுதியிருக்கிறது, போர்டின் கடிகாரத் துடிப்பைத் தரும் கிரிஸ்டலின் அலைவெண் எவ்வளவு, எந்த சுவிட்சைத் தள்ளினால் ஆட்டக்காரருக்கு எத்தனை லைஃப் கிடைக்கும் என்பதெல்லாம் படத்தின் கீழே குறிப்புகளாக நீளும். இந்தப் பகுதியில் ஒரு வரிகூட இயங்காது. எல்லாமே கமென்ட்.

இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997 பிப்ரவரியில் வெளியிட்ட மேம், பழைய ஆர்கேட் இயந்திரங்களை இன்றைய கணினியில் ஓட வைக்கிறது. ஆனால் அதை வளர்ப்பவர்கள் தங்கள் வேலையை விளையாட்டாகச் சொல்வதில்லை. அழிந்துகொண்டிருக்கும் வன்பொருள் எப்படி வேலை செய்தது என்பதை எழுதி வைப்பதே நோக்கம், விளையாட முடிவது அதனுடன் வரும் பயன் என்பதே அவர்களுடைய நிலைப்பாடு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கேப்காமின் சிபிஎஸ்-2 போர்டுகளில் ரகசியக் குறியீட்டுச் சாவி ஒரு சிறு பேட்டரியின் தயவில் நினைவகத்தில் நின்றது. பேட்டரி தீர்ந்தால் சாவி போயிற்று, போர்டும் ஊமையாயிற்று. அப்படிப்பட்ட இயந்திரங்களைத் திறந்து பார்த்தவர்கள் கண்டதைத்தான் அந்தக் கமென்ட்களில் எழுதி வைத்தார்கள்.

எழுதியவர்கள் பல நாட்டுக்காரர்கள். ஆங்கிலம் பலருக்குத் தாய்மொழி அல்ல. ஒரு கையில் அளவுகோலும் மறு கையில் கீபோர்டுமாக எழுதியது வேறு. ஆகவே பிழைகள் இருக்கும். ‘ரிசீவ்’ என்ற சொல்லில் ஈயும் ஐயும் இடம் மாறியிருக்கும். ‘அட்ரஸ்’ ஒரு டியோடு நிற்கும். ‘இன்டரப்ட்’ ஓர் ஆரை இழந்திருக்கும்.

இவற்றை மட்டும் திருத்தவென்று ஒருவர் வந்து உட்காருகிறார். புது இயந்திரம் எதையும் அவர் சேர்க்கவில்லை, ஓடாத விளையாட்டு எதையும் ஓட வைக்கவில்லை. சி, சி++ மொழிகளின் விதிப்படி, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் தன் வேலையின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு கமென்டையும் எடுத்துவிட்டு அங்கே ஓர் இடைவெளியை வைத்துக்கொள்கிறது. நூறு சொற்களைத் திருத்தினாலும் விளையாட்டின் ஒலியோ வேகமோ மாறாது. அப்படியானால் அந்த உழைப்பு எங்கே போய்ச் சேருகிறது?

நேரடியான பயன் ஒன்று உண்டு. இத்தனை பெரிய நிரலில் யாரும் பக்கம் பக்கமாகப் புரட்டுவதில்லை, தேடித்தான் எடுக்கிறார்கள். இன்டரப்ட் பற்றி அறிய விரும்புபவர் சரியான எழுத்தில் தேடினால், ஓர் ஆர் குறைந்த குறிப்பு அவருக்கு அகப்படாது. ஒருவர் பாடுபட்டுக் கண்டுபிடித்த செய்தி, ஓர் எழுத்துக்காக இன்னொருவருக்கு இல்லாமலே போகும்.

ஆனால் இதைவிடப் பெரிய பயன் திருத்துபவர் செய்யும் வாசிப்பில் இருக்கிறது. நிரலை மாற்ற வருபவர் தனக்கு வேண்டிய வரியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். கமென்ட்களை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வேறு வேலையில்லாமல் படிப்பவர் இவர் ஒருவர்தான். 1980இல் வந்த பேக்மேன் போர்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் கிரிஸ்டல் 18.432 மெகாஹெர்ட்ஸ். ஆறால் வகுத்தால் வரும் 3.072 தான் அதிலுள்ள இசட்80 பிராசசரின் வேகம். மூன்றால் வகுத்தால் திரைப்புள்ளிகளின் வேகமான 6.144. அதிலிருந்து கணக்கிட்டால் திரை நொடிக்கு 60.606 முறை புதுப்பிக்கப்படுவது தெரியும். இப்படிப்பட்ட குறிப்பொன்றில் யாராவது கைதவறி 18.342 என்று அடித்துவிட்டால் எந்த எழுத்துப்பிழைக் கருவியும் வாய் திறக்காது. பக்கத்தில் நிற்கும் 3.072ஐப் பார்த்து, 18.342ஐ ஆறால் வகுத்து, 3.057 அல்லவா வருகிறது என்று தயங்குபவர்தான் அதைப் பிடிக்க முடியும். எழுத்துப்பிழை தேடி வந்த கண்ணுக்குத்தான் அந்தத் தயக்கம் வரும். சின்ன வேலை என்று இதை ஒதுக்குபவர்கள் கவனிக்கத் தவறுவது இந்த இடத்தைத்தான்.

கருவிகள் வேண்டாம் என்பதில்லை. கோட்ஸ்பெல் என்ற கருவி முழு அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் சோதிப்பதில்லை. வழக்கமாக மனிதர்கள் செய்யும் பிழைகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு அவற்றை மட்டும் தேடுகிறது. லினக்ஸ் கெர்னலிலும் அப்படியொரு பட்டியல் உண்டு. நிரலில் விசித்திரமான பெயர்கள் மலிந்திருப்பதால் இதுவே புத்திசாலித்தனமான வழி. ஆனாலும் மூன்றெழுத்துப் பிராசசர் கட்டளை ஒன்றையோ சிக்னலின் பெயரையோ அது பிழையென்று காட்டிவிடலாம். அங்கே ‘சரி’ என்று பொத்தானைத் தட்டுபவர் திருத்தவில்லை, கெடுக்கிறார்.

எமுலேட்டரில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். ஜீரோ விங் விளையாட்டின் ஐரோப்பிய மெகா டிரைவ் பதிப்பில் வரும் உடைந்த ஆங்கில வசனங்கள் உலகப் புகழ் பெற்றவை. அவை விளையாட்டு பதிந்திருக்கும் ரோம் என்ற நினைவகச் சிப்புக்குள் இருக்கின்றன. மேம் ஒவ்வொரு ரோமுக்கும் சரிபார்ப்பு எண்ணைப் பதிந்து வைத்திருக்கிறது. ஓர் எழுத்தை மாற்றினாலும் எண் பொருந்தாது. சிப்பின் லேபிளில் தொழிற்சாலையே தப்பாக அச்சடித்திருந்தால், அந்தத் தப்போடுதான் குறிப்பிலும் இருக்க வேண்டும். ஒரே பக்கத்தில் ஒரு பிழை, எழுதியவரின் கைத்தவறு. அடுத்த வரியிலுள்ள பிழை, வரலாறு. முன்னதைத் திருத்தவும் பின்னதைத் தொடாமல் விடவும் தெரிந்திருக்க வேண்டும். பிறர் எழுதியதில் கை வைக்கும் எவருக்கும், எந்தத் துறையானாலும், இதுதான் கடினமான பகுதி.

காலம் கடந்தால் திருத்தவே முடியாமல் போகும் பிழைகளும் உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று பிரவுசர் தெரிவிக்கும் ‘ரெஃபரர்’ என்ற தலைப்பு, 1996இல் வெளியான எச்டிடிபி ஆவணத்தில் ஓர் ஆர் குறைவாக இடம்பெற்றது. உலகமே அதை நம்பி மென்பொருள் எழுதிவிட்டதால் இன்றும் அப்படியே இருக்கிறது. கமென்டுக்கு அந்தக் கட்டு இல்லை. எந்த இயந்திரமும் அதை நம்பியிருக்கவில்லை என்பதால் எத்தனை ஆண்டு கழித்தும் அதைச் சரிசெய்யலாம்.

அதற்காக இது செலவில்லாத வேலை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு திருத்தத்தையும் வேறொருவர் பார்த்து ஏற்க வேண்டும். ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவி காட்டும் வரலாற்றில், முதலில் எழுதியவரின் பெயர் மறைந்து எழுத்தைத் திருத்தியவரின் பெயர் நிற்கும். 2019இல் வந்த கிட் 2.23 பதிப்பு, குறிப்பிட்ட மாற்றங்களைத் தாண்டிப் பார்க்கும் வசதியைத் தந்தது ஓர் ஆறுதல். 2020 அக்டோபரில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வின்போது, இலவச டி-ஷர்ட்டுக்காகப் பலர் பொருளற்ற சின்னஞ்சிறு மாற்றங்களை அனுப்பித் திட்டப் பொறுப்பாளர்களைத் திணறடித்தார்கள். விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று அந்த மாதமே விதியை மாற்ற வேண்டியிருந்தது. அனுப்பியவர்களில் பலர் தாங்கள் மாற்றிய கோப்பைப் படித்தே இருக்கமாட்டார்கள். பொறுமையாகப் படித்து, பல பிழைகளை ஒன்றாகத் திரட்டி, நிரலைத் தொடாமல் தனி மாற்றமாக அனுப்புபவரையும் அவர்களோடு சேர்த்து ஏளனம் செய்வது அநியாயம்.

எண்ணில் சந்தேகம் வரும்போது நல்ல திருத்துபவர் வேறு விதமாக நடந்துகொள்வார். எழுத்துப்பிழையைத் தானே மாற்றிவிடுவார், அலைவெண்ணை மாற்றமாட்டார். கணக்கு இடிப்பதைக் குறித்து, போர்டு வைத்திருப்பவர் யாராவது கிரிஸ்டலின் மேலுள்ள எண்ணைப் படம்பிடித்து அனுப்ப முடியுமா என்று கேட்பார். எழுதியவரிடம் இன்று அந்தப் போர்டு இல்லாமல் இருக்கலாம். அதே மாதிரி போர்டு வேறு எங்காவது ஒரு பட்டறையில் பிழைத்துக் கிடந்தால், பதில் வரும்.