யாருக்காகப் பூட்டி வைக்கிறோம்?



பழைய வைன் போத்தல்களைச் சேர்த்து வைப்பது பாவமா? இப்படியொரு கேள்வியை இந்தப் பக்கத்தில் காண நீங்கள் வியப்படையலாம். அக்கரைப்பற்று முதல் கல்முனை வரையுள்ள நம் கரையோர ஊர்களில் நெல்லைச் சேர்ப்பார்கள், நகையைச் சேர்ப்பார்கள். வைனைச் சேர்ப்பவர் எங்கே இருக்கிறார் என்று கேட்பீர்கள். ஆனால் இன்று நம் பிள்ளைகள் பலர் இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் வாழ்கிறார்கள். விடுமுறைக்கு வரும் மகன் ஒரு போத்தல் கொண்டு வருகிறான். "இது போர்த்துக்கல் நாட்டுப் போட் வைன், அப்பா. வைக்க வைக்க ருசி கூடும், விலையும் கூடும்" என்கிறான். போத்தல் வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் ஏறுகிறது. அடுத்த முறை இன்னொன்று. சில ஆண்டுகளில் ஒரு வரிசையே சேர்ந்துவிடுகிறது. தகப்பனார் குடிப்பவரல்லர். வருவோர் போவோருக்குக் காட்டி மகிழ்வதோடு சரி.

அவருக்கு என்ன சொல்வது? குடி குடியைக் கெடுக்கும் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அவர்தான் குடிக்கவே இல்லையே! அவருடைய கேள்வி குடிப்பதைப் பற்றியதன்று, வைத்திருப்பதைப் பற்றியது. அந்தக் கேள்வி ஒரு போத்தல்கூட இல்லாத வீட்டுக்கும் உரியது என்பதனாலேயே இங்கு அதை எடுத்துக்கொள்கிறோம்.

பொருளை வைத்துக் காப்பதற்குரிய நம் சொற்கள் சில போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. அலுமாரி அவர்கள் சொல். பீப்பா அவர்கள் சொல். தமிழகத்தார் வழங்கும் சாவியும் அவர்கள் சொல்லே. 1505இல் இலங்கைக் கரையில் இறங்கி, 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டி, 1638இல் அதை ஒல்லாந்தரிடம் இழந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய மொழியின் ஒரு கிளையை மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பங்களில் இன்றும் கேட்கலாம். ஆனால் சாவி என்ற சொல் மட்டும் நம் வாயில் ஒட்டவில்லை. நாம் அதைத் 'திறப்பு' என்கிறோம். பூட்டவும் திறக்கவும் பயன்படுவது ஒரே கருவி. அதற்குத் திறப்பதை வைத்தே நம் முன்னோர் பெயரிட்டார்கள். இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் போத்தலுக்குள் இருப்பது என்னவென்று பார்ப்போம். போர்த்துக்கலின் வடபகுதியில் டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் மலைச் சரிவுகளில் விளையும் முந்திரிகைப் பழத்திலிருந்து ஆவது போட் வைன். அது கப்பலேறிய போர்த்தோ நகரின் பெயரே அதன் பெயராயிற்று. 1756இல் போர்த்துக்கேய அரசு அந்நிலத்துக்கு எல்லை வகுத்தது. பழத்தைக் கற்தொட்டியிலிட்டு மனிதர் வெறுங்காலால் மிதிப்பது பழைய முறை. சிறந்த வைன்களுக்குச் சில இடங்களில் இன்றும் அப்படியே செய்கிறார்கள். சாறு புளித்துப் பொங்கும்போது, அதன் இனிப்பு முழுவதும் மதுசாரமாக மாறுமுன், முந்திரிகையிலிருந்தே வடித்த கடுஞ்சாராயத்தை ஏறத்தாழ நான்குக்கு ஒன்று என்ற அளவில் சேர்க்கிறார்கள். பொங்குதல் நின்றுவிடுகிறது, இனிப்பு தங்கிவிடுகிறது, மதுசாரம் நூற்றுக்கு இருபது பங்களவுக்கு ஏறுகிறது. ஆகவே அது நெடுங்காலம் கெடாது.

ஆனால் எல்லாப் போட் வைனும் போத்தலுக்குள் முதிர்வதில்லை. கடைகளில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை பீப்பாவிலேயே பக்குவமடைந்து, உடனே அருந்துவதற்கென்று அடைக்கப்பட்டவை. மிகச் சிறந்த விளைச்சல் கண்ட ஆண்டுகளில் தனியே எடுத்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வடிகட்டாமல் போத்தலில் அடைக்கப்படும் வைன்தான் இருபது, முப்பது, ஐம்பது ஆண்டுகள் உள்ளேயே முதிரும். அதற்கும் இருட்டு வேண்டும், அசைவு கூடாது, தக்கை உலராதபடி போத்தலைப் படுக்க வைக்க வேண்டும், 12 முதல் 15 பாகை செல்சியஸ் குளிர்ச்சி வேண்டும். நம் ஊர் வெப்பத்தில், வெளிச்சம் படும் கண்ணாடி அலுமாரியில், நிமிர்த்தி வைத்த போத்தல் முதிர்ந்துகொண்டிருக்கவில்லை. மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டிருக்கிறது. பெருமைக்காக வைக்கப்படும் பொருள்கள் பலவற்றின் கதியும் இதுவே.

எனினும் காத்து வைப்பதில் ஒரு புண்ணியம் இருக்கிறது. அதை மறுத்துவிடக் கூடாது. இங்கிலாந்தின் வசதியுள்ள குடும்பங்களில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. பிள்ளை பிறந்தால், தகப்பனோ ஞானத்தகப்பனோ ஒரு பீப்பா போட் வைன் வாங்கிப் பிள்ளையின் பெயரில் நிலவறையில் வைப்பார். ஒரு பீப்பா என்றால் ஏறத்தாழ 550 லீற்றர். போத்தலில் அடைத்தால் 700க்கு மேல். பிள்ளைக்கு 21 வயதாகும்போதே அது திறக்கப்படும். வாங்கி வைத்தவர் அந்நாளைக் காண்பார் என்ற உறுதி இல்லை. இன்னும் பேசத் தெரியாத ஒரு குழந்தை வளர்ந்து நண்பர்களோடு கூடியிருக்கப் போகும் ஒரு மாலைப்பொழுதுக்காக, ஒரு மனிதர் இருபத்தொரு ஆண்டு முன்னதாகவே ஏற்பாடு செய்கிறார்.

நம் விதைநெல்லும் இத்தகையதே. போடியார் வீடானாலும் சரி, நாலு பரப்பு நிலத்தில் பாடுபடுபவர் வீடானாலும் சரி, உலையில் அரிசி குறைந்த மாதத்திலும் விதைநெல்லில் கை வைக்கமாட்டார்கள். அதைக் கஞ்சத்தனம் என்று எவரும் சொல்வதில்லை. அதற்கொரு நாள் குறித்திருக்கிறது; ஒரு வயல் காத்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இருபது ஆண்டு கிடந்த போத்தலைத் திறந்தால், ஓரிரு நாளுக்குள் முடித்தாக வேண்டும். ஒருவர் தனியே குடித்து முடிப்பதும் தகாது. ஆகவே அது இயல்பிலேயே பலர் கூடிப் பகிர்வதற்குரியது. ஆங்கிலேயர் விருந்து மேசையில் போட் வைன் குடுவை இடப்புறமாகக் கைமாறிச் சென்றுகொண்டே இருக்க வேண்டும். ஒருவர் மறதியாகத் தம் முன்னால் அதை நிறுத்திவிட்டால், பக்கத்திலிருப்பவர், "நோர்விச் ஆயரை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்பாராம். 'குடுவையை அடுத்தவரிடம் தள்ளுங்கள்' என்பதை நாகரிகமாகச் சொல்லும் முறை அது. அந்த ஆயரைப் பற்றி நாம் வேறொன்றும் சொல்லாதிருப்பது நன்று!

ஆனால் அதே நிலவறையில் வேறொருவருடைய போத்தல்களும் கிடக்கின்றன. அவர் விலை ஏறும் என்று வாங்கியவர். ஏலத்தில் வாங்குவார், ஏலத்தில் விற்பார். களஞ்சியத்தை விட்டு வெளியே வராமலே கைமாறும் போத்தல்கள் உண்டு. உரிமையாளர் கண்ணாலும் கண்டிராதவையும் உண்டு. 1855இல் விளைந்த ஒரு போட் வைன் 155 ஆண்டுகள் மரப்பீப்பாவில் கிடந்து, 2010இல் டெய்லர் நிறுவனத்தால் விற்பனைக்கு விடப்பட்டது. அந்தப் பழத்தைப் பறித்தவர்களும் மிதித்தவர்களும் எப்போதோ மண்ணாகிவிட்டார்கள். மாடு கட்டிச் சூடு மிதித்த காலத்தை நம் முதியோர் அறிவார்கள். கதிர் மிதிக்கும் மாட்டுக்கு வாய்க்கட்டுப் போடலாகாது என்பது மோயீசன் தந்த சட்டங்களுள் ஒன்று. மாட்டுக்கே அந்த நீதி என்றால், உழைத்த மனிதரின் பங்கை நினையாமல் ஒரு பொருளின் விலையை மட்டும் நினைப்பவரிடம் ஏதோ ஒன்று குறைகிறது.

"நான் திருடவில்லையே, சுவாமி? என் உழைப்பு, என் பணம்" என்று நீங்கள் சொல்லலாம். லூக்காஸ் நற்செய்தியில் வரும் செல்வனும் திருடவில்லை. தன் நிலம் விளைந்தது. தன் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணினான். அவ்வளவுதான். ஆனால் அவன் பேச்சில் தன்னைத் தவிர வேறு ஆள் எவருமில்லை. மனைவியில்லை, பிள்ளையில்லை, கூலியாள் இல்லை, ஏழையில்லை. அன்றிரவு அவனுடைய உயிர் கேட்கப்பட்டபோது, சேர்த்தவையெல்லாம் யாருக்குப் போகும் என்ற கேள்வியை இறைவனே கேட்க வேண்டியதாயிற்று. எகிப்தில் யோசேப்பும் களஞ்சியம் கட்டினார். அந்தச் செல்வனைவிடப் பன்மடங்கு சேர்த்தார். ஆயினும் அவரை ஞானியென்று போற்றுகிறோம். ஏன்? பஞ்சம் வந்த நாளில் அவர் களஞ்சியங்களைத் திறந்தார். இருவரும் பூட்டினார்கள், திறந்தவர் ஒருவரே. உடுக்காமல் பெட்டியில் கிடக்கும் மேலாடை ஆடையற்றவனுக்கு உரியது என்று புனித பசிலியார் போதித்ததும் இதையே உணர்த்துகிறது.

வைனைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். திராட்சை இரசம் அருந்துவது தன்னிலே பாவமன்று என்று புனித அக்குவீனா தோமையார் தெளிவாகக் கற்பிக்கிறார். ஆனால் சூழ்நிலையால் அது தகாததாகலாம் என்றும் சொல்கிறார்: அருந்துபவர் அதனால் எளிதில் கெடும் இயல்பினராயின், அதை விலக்குவதாக நேர்ந்துகொண்டவராயின், அளவு மீறினால், பிறருக்கு இடறலானால். போத்தலை வைத்திருப்பதற்கும் இந்த அளவுகோல் பொருந்தும். கசிப்பும் சாராயமும் எத்தனை தாலிகளை அடகுக் கடைக்கு அனுப்பியிருக்கின்றன என்பதைப் பங்குகளில் பணிபுரியும் நாங்கள் அறிவோம். குடிக்கு அடிமையான ஒருவர் இருக்கும் வீட்டில், அல்லது அதிலிருந்து அரும்பாடுபட்டு மீண்ட ஒருவர் இருக்கும் வீட்டில், அழகான போத்தல் வரிசை ஒரு பொறியாகும். அங்கே ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அடுத்த வளவில் வாழும் முஸ்லிம் சகோதரரையும் நினையுங்கள். அவர்களுடைய மார்க்கம் மதுவை முற்றாக விலக்குகிறது. பெருநாளுக்கு நமக்குச் சாப்பாடு அனுப்புகிறவர்கள் அவர்கள். நத்தாருக்கு நம் வீட்டுக் கதிரையில் வந்து அமர்கிறவர்கள். அந்தக் கதிரைக்கு எதிரே போத்தல்களை அடுக்கி வைப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் திருச்சபையில் இல்லை. ஆனால் சகோதரனுக்கு இடறலாகும் என்றால் இறைச்சியையும் இரசத்தையும் விட்டுவிடுவதே நன்று என்று புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதினார். அன்பு கேட்கும்போது உரிமை வழிவிட வேண்டும்.

பூட்டி வைத்தவை எவ்வளவு நிலையற்றவை என்பதை நம் கரைக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிறு காலை. இலங்கையில் மிக அதிகமான உயிர்களைக் கடலுக்குப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். அலுமாரியும் போயிற்று, அதற்குள் இருந்ததும் போயிற்று. பிள்ளைக்கென்று வைத்தது மிஞ்சியும் பிள்ளை மிஞ்சாத வீடுகளும் உண்டு. அந்நாள்களைப் பற்றிப் பேசும்போது நாம் எவற்றை நன்றியோடு நினைக்கிறோம்? நமக்காகத் திறந்த கதவுகளை அல்லவா?

அக்கரைப்பற்று என்ற பெயரிலுள்ள 'பற்று' நிலப்பிரிவைக் குறிக்கும் பழஞ்சொல். மண்முனைப்பற்று, கோறளைப்பற்று என்பவற்றில் உள்ளதும் அதுவே. ஆனால் மனம் ஒன்றைப் பிடித்துக்கொள்வதையும் தமிழில் பற்று என்கிறோம். அக்கரையில் பற்று வைத்த கிறிஸ்தவனுக்கு, இக்கரைப் பொருளைப் பிடித்த கை சற்றுத் தளர்ந்தே இருக்கும்.

ஆகவே, சேர்த்து வைப்பது பாவமன்று. திறக்கும் நாளும், பெறுகின்ற ஆளும் இல்லாமல் சேர்ப்பதே பாவத்துக்கு வாசல். இன்று உங்கள் வீட்டு அலுமாரியை ஒருமுறை பாருங்கள். போத்தல் இல்லாவிட்டாலும், விருந்தினருக்கென்று வாங்கி விருந்தினரை அழைக்காமலே வைத்திருக்கும் பீங்கான்கள் இருக்கும். கட்டாத சேலைகள் இருக்கும். மனத்தின் அலுமாரியிலோ, சொல்ல நினைத்தும் சொல்லாத மன்னிப்பு ஒன்று இருக்கும். ஒவ்வொன்றைப் பற்றியும் கேளுங்கள்: இது யாருக்காக? எந்த நாளில் திறப்பேன்? அதுவரை இது பூட்டிக் கிடப்பதால் யாருக்கு இல்லாமற் போகிறது?

நம் கோவிலின் அலுமாரியிலும் ஒரு வைன் போத்தல் இருக்கிறது. திருப்பலிக்குரிய இரசம் முந்திரிகைக் கனியிலிருந்து ஆனதாயும் கெடாததாயும் இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். தொலைவுக்குக் கொண்டு செல்லும்போது அது புளித்துப் போகாதிருக்க, முந்திரிகையிலிருந்தே வடித்த சாராயத்தைச் சிறிது சேர்க்கலாம், மொத்த மதுசாரம் நூற்றுக்கு 18 பங்கைத் தாண்டலாகாது என்று 1896இல் உரோமாபுரி விதித்தது. போட் வைன் கெடாதிருப்பதும் இதே வழியில்தான். அந்தப் போத்தலையும் பூட்டித்தான் வைக்கிறோம். ஆனால் பீடத்தில் ஊற்றப்படும் நாளுக்காகவே பூட்டுகிறோம். அந்நாள் ஒவ்வொரு நாளும் வருகிறது.

கடைசி இராப்போசனத்தில் நம் ஆண்டவர் கிண்ணத்தைச் சீடர்களுக்குக் கொடுத்துவிட்டு, தம் தந்தையின் இராச்சியத்தில் அவர்களோடு கூடிப் பருகும் நாள் வரை முந்திரிகையின் இரசத்தைத் தாம் இனி அருந்தப் போவதில்லை என்றார். அவரும் ஒரு நாளுக்காக ஒன்றை வைத்திருக்கிறார். அது யாரோடு என்பதையும் சொல்லி வைத்திருக்கிறார். அந்த மேசையில் நமக்கும் இடமுண்டு என்று நம்புகிறவர்கள் நாம். எனவே அன்பர்களே, வருகிற ஞாயிறு பூசைக்கு வருமுன், உங்கள் வீட்டில் நெடுநாளாகப் பூட்டிக் கிடக்கும் ஏதாவது ஒன்றைத் திறந்து, அதற்குரியவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.