வெறுங்கையும் முதற்சீலமும்

பஞ்சசீலம் ஏற்று, உயிர்களுக்கு ஊறு செய்தலை விலக்கிய நாம், நம் மக்களைக் கராத்தே பயில விடுவது தகுமா? குர்லாவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ் உபாசகர்களிடையே இவ்வினா எழுகிறது. வினவுவோர் பெரும்பாலும் தாய்மார்கள். வேலை முடித்து, இரயில் நிலையத்து மேம்பாலத்தின் நெரிசலினூடே இரவில் வீடு திரும்பும் மகளுக்கு ஒரு காப்பு வேண்டும் என அவர்கள் கருதுகின்றனர். அது சீலத்துக்கு முரணோ என அஞ்சவும் செய்கின்றனர்.

இதற்கு எளிய விடையொன்று நம்மவர் நாவில் எப்போதும் ஆயத்தமாக உள்ளது. காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே சீனத்துக்கு இக்கலையை அளித்தார், ஆதலின் இது நம் பௌத்தக் கலையே என்பது அவ்விடை. நாம் இதனை ஏற்கவில்லை. போதிதருமரைப் போர்ப்பயிற்சியோடு பிணைக்கும் கதை, அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 17-ஆம் நூற்றாண்டளவில் எழுந்த ஒரு சீன நூலினின்று பரவியது. ஒகினாவாத் தீவின் பள்ளிகளிற் கராத்தேயைப் புகுத்திய இதோசு அங்கோ, 1908-இல் வரைந்த மடலின் தொடக்கத்திலேயே, இக்கலை பௌத்தத்தினின்றோ கன்பூசியத்தினின்றோ வந்ததன்று என்று கூறிவிட்டார். பிறப்பைக் கொண்டு மனிதனை மதியாத நாம், பிறப்பைக் கொண்டு ஒரு கலையை மட்டும் மதிப்பானேன்?

பாபாசாகேப் அம்பேத்கர், தம் மறைவுக்குப் பின் 1957-இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில், அகிம்சையைக் கட்டளையாகக் கொள்ளாது கோட்பாடாகக் கொள்ளுமாறு விளக்கினார். கட்டளை மனிதனைக் கட்டிவிடும். கோட்பாடு ஆராய்ந்து நடக்க இடந்தரும். கொல்லும் விருப்பம் வேறு, கொல்லும் தேவை வேறு என அவர் பிரித்துக் காட்டினார். ஆகவே நாம் ஆராய வேண்டுவது, ஓங்கிய கையின் பின்னே நிற்கும் மனத்தையே. தலைமுறை தலைமுறையாக இழிசொல் கேட்ட நமக்கு அம்மனம் எளிதிற் கனலும் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. வலிமையற்றவன் அடங்கிக் கிடப்பதை அகிம்சையென்று புகழ்வதும் நமக்கு உவப்பன்று. அவ்வகை அகிம்சையைப் பிறர் நம் முன்னோர்மீது நெடுங்காலம் சுமத்தினர்.

சீலங்களைப் பாலியிற் சிக்காபதம் என்பர். பயிற்சிப்படி என்பது பொருள். அருகத நிலை எய்தாத மெய்ச்சீடரைச் சேகர், அதாவது இன்னும் பயில்பவர், என்று சூத்திரங்கள் அழைக்கும். கராத்தேயிலும் கறுப்புப் பட்டையின் முதல் நிலைக்குத் ‘தொடக்கப்படி’ என்று பொருள்படும் ஷோதான் என்பதே பெயர். (கட்டணம் பெற்றுக்கொண்டு சில திங்களிற் பட்டை மாற்றும் வகுப்புகளைப் பற்றி நாம் ஈண்டுப் பேசவில்லை.)

1922-இல் தோக்கியோவில் இக்கலையை அரங்கேற்றிய கிச்சின் புனகோஷி, ‘சீனக் கை’ என்று எழுதப்பட்டுவந்த பெயரை ‘வெறுங்கை’ என மாற்றி எழுதினார்; அவ்வெழுத்து சூனியதையையும் குறிப்பது. முதலில் தாக்கலாகாது என்பது அவர் போதனை. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், ஏறத்தாழ எண்பது வயதில், இரவில் தம்மைத் தாக்கிய வழிப்பறிக்காரன் ஒருவனை அவர் மடக்கிக் காவலரிடம் ஒப்புவித்தார். அவன் போர்முனையினின்று திரும்பி வேலையற்றிருந்தவனாக இருக்கக்கூடும் என அவர் கருதினார். மாணவர்க்குத் தாம் விலக்கியதைத் தாமே செய்துவிட்டதாக நாணி, அதனைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதிவைத்தார். அவர் செய்கையிற் பிழை காண நமக்கு மனமில்லை; குர்லாவின் தாய்மாரும் காணமாட்டார்கள். ஆயினும் அந்த நாணத்தை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

பிள்ளைகளைச் சேர்க்குமுன், ஆசிரியரின் பதக்கங்களை எண்ண வேண்டா. தெருவில் வலிந்து சண்டையிட்டு வந்த மாணவனைத் தாங்கள் என்ன செய்வீர்கள் என்று அவரைக் கேளுங்கள்.